தந்தை செல்வாவும் எமது பிரஜாவுரிமையும்

மிஷன் பாடசாலையிலே நாம் கல்வி கற்ற நாட்களில், சரித்திர பாட நேரத்தில் அடிக்கடி கேட்ட பெயர் ஆபிரகாம் லிங்கன் என்பதாகும். அமெரிக்காவிலே அடிமை வியாபாரம் எவ்வாறு வளர்ந்தது, வடக்கும் தெற்கும் எவ்வாறு பகைத்தன, 1861 ஆம் ஆண்டிலே யுத்தம் எவ்வாறு மூண்டது என்பனவற்றை ஆசிரியர் கதைபோலச் சொல்லுவார். அப்பொழுது எம் உள்ளத்திலே ஒரு கேள்வி எழுந்ததுண்டு. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த யுத்தம் ஒரே நாளில் மூண்டதா? இல்லை. அதற்கு முன் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய மனிதர்கள் கூடிக்கூடிச் சமரசம் செய்தார்கள். 1787 இல் ஒரு சமரசம்; 1820 இல் ஒரு சமரசம்; 1850 இல் மற்றொன்று. ஒவ்வொரு முறையும் நாடு தப்பியது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் எந்த மனிதரைப் பற்றிச் சமரசம் பேசப்பட்டதோ, அந்த மனிதரை மட்டும் யாரும் சபைக்கு அழைக்கவில்லை.

தூர தேசத்துக் கதையென்று நாம் அன்று கேட்டது, சொந்த நாட்டுச் சரித்திரத்தைப் படிக்கும்போது நம் வீட்டுக் கதையாகவே தோன்றிற்று. அக்கதையின் நடுவே நிற்பவர் ஒருவர். மலைநாட்டிலே பிறந்தவரல்லர், தோட்டத்திலே வாழ்ந்தவருமல்லர், சைவரும் அல்லர். ஆயினும் எமக்காகத் தம் அரசியல் வாழ்வையே ஒருமுறை பணயம் வைத்தவர். அவரே தந்தை செல்வா என்று தமிழ் மக்கள் அன்போடு அழைத்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் ஆவார். இந்து வாலிபர் மலரிலே ஒரு கிறிஸ்தவப் பெரியாரின் சரித்திரம் ஏன் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நன்றி மறவாமை சைவ நெறியின் முதற்பாடமன்றோ!

இளமையும் கல்வியும்

செல்வநாயகம் 1898 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31 ஆந் திகதி மலாயாவிலுள்ள ஈப்போ நகரிலே பிறந்தார். தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கு சென்று வாழ்ந்த வேலுப்பிள்ளை, தாயார் அன்னம்மா. நான்கு வயதளவில் தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்த பிள்ளை, அங்குள்ள யூனியன் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரியிலும், கொழும்பு பரி. தோமாவின் கல்லூரியிலும் கற்றார். லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரி மாணவராகவே பெற்றார்.

பட்டம் பெற்றபின் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். மரணப் படுக்கையிற் கிடந்த சகோதரனைக் காணச் செல்வதற்கு லீவு மறுக்கப்பட்டபோது, உத்தியோகத்தையே துறந்து புறப்பட்டார் என்பது அவர் வாழ்க்கையிலே சிறு சம்பவம். ஆனால் அவருடைய சுபாவத்தை அறிய அதுவே போதும். உரத்துப் பேசமாட்டார், வாதாடிக் கொண்டிருக்கமாட்டார், நியாயமில்லை என்று கண்டால் எழுந்து போய்விடுவார். இந்தக் குணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளும்படி வேண்டுகிறோம். பின்னால் வரப்போகும் பெரிய சம்பவத்துக்கு இது முன்னோடியாகும்.

பின்பு சட்டம் பயின்று அப்புக்காத்தானார். சிவில் வழக்குகளிலே பெயர்பெற்றுப் பெரும் பொருளும் ஈட்டினார். மெலிந்த தேகம், தாழ்ந்த குரல். நாளடைவில் செவிப்புலனும் குறைந்தது. மேடையிலே சிங்கம்போல் முழங்குவோரே தலைவராகிய அக்காலத்தில், இவர் தலைவராவார் என்று யார்தான் எண்ணியிருப்பர்! 1944 இல் ஜி. ஜி. பொன்னம்பலம் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசை நிறுவியபோது அவருக்கு வலக்கரமாக நின்றார். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்.

எமது நிலைமை

இங்கே சற்று நின்று, அவ்வேளையில் மலைநாட்டிலே எம்மவர் நிலைமை எவ்வாறிருந்தது என்று பார்ப்பது அவசியம்.

இலங்கையிலே அடிமை முறை 1844 ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எமது முன்னோர் அடிமைகளாக வந்தவரல்லர். கோப்பிக் காலந்தொட்டுக் கூலிக்கு வந்தவர். ஆனால் கையிலே விலங்கு இல்லாதவரெல்லாம் சுதந்திர புருஷர் என்று சொல்லலாமா? கங்காணியிடம் பட்ட கடனை ஒரு சீட்டிலே எழுதி, அந்தச் சீட்டோடு ஆளையும் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921 ஆம் ஆண்டு வரை இருந்தது. விடிவதற்கு முன் பிரட்டுக் களத்திலே நின்று பெயர் கொடுத்த அந்த மக்களுக்குப் பெயர் கொடுக்க வேறோரிடம் 1931 இல் கிடைத்தது. அதுதான் வாக்காளர் இடாப்பு. சர்வஜன வாக்குரிமை வந்தபோது எம்மவரைச் சேர்ப்பதா விடுப்பதா என்ற சச்சரவு எழ, இத்தனை வருடம் வசித்திருக்க வேண்டும், இந்நாட்டையே நிரந்தர வாசமாகக் கொள்ள வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதித்துச் சமரசம் செய்யப்பட்டது. எமது உரிமையைப் பற்றிய முதற் பேரம் அதுவாகும்.

1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் ராஜலிங்கம் முதலியோர் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் வெற்றி பெற்றனர். தோட்டத் தொழிலாளியின் வாக்குக்கும் பலமுண்டு என்பதை நாடு கண்டது. கண்டவர்களிற் பலர் அதை விரும்பவில்லை.

பிரஜாவுரிமைச் சட்டமும் பிளவும்

சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே டி. எஸ். சேனாநாயக்காவின் அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. இந்நாட்டிலே பிறந்தாற் போதாது. தகப்பனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிறப்பத்திரம் என்றால் என்னவென்றே அறியாத லயத்து மனிதன் பாட்டனாருக்கும் பூட்டனாருக்கும் எங்கே போய் அத்தாட்சி தேடுவான்!

செல்வநாயகம் ஈப்போவிலே பிறந்தவர். ஆயினும் அவர் குடும்பம் பரம்பரையாகத் தெல்லிப்பழையிலே வேரூன்றியது. ஆகையால் சட்டம் அவரைத் தொடவில்லை. ராகலையிலே பிறந்து, ராகலையிலே கொழுந்து பறித்து, ராகலை மண்ணிலேயே புதையுண்டவர்கள் அந்நியராயினர். கடலுக்கப்பால் பிறந்த தாம் பிரஜையாகவும், இங்கேயே பிறந்தவர் அந்நியராகவும் ஆகும் விபரீதத்தை வேறெவரிலும் அவர் நன்கு உணர்ந்திருப்பார் என்று நாம் எண்ணுகிறோம்.

முதற் சட்டத்தைத் தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தது. ஆனால் சில வாரங்களுக்குள் பொன்னம்பலம் மந்திரி சபையிலே சேர்ந்து கைத்தொழில் மந்திரியானார். அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அரசாங்கத்துக்கு வெளியே நின்று கூச்சலிடுவதிலும் உள்ளே இருந்து மக்களுக்கு நன்மை செய்யலாம் என்று அவர் கருதினார். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை போன்றவை அவருடைய முயற்சியோடு சேர்த்தே இன்றும் பேசப்படுகின்றன. இப்படி ஒரு கையாற் பெற்று மறு கையால் விட்டுக் கொடுப்பதையே அரசியலிலே சமரசம் என்கிறோம். ஆனால் விட்டுக் கொடுக்கப்பட்டது எவருடைய பொருள்? அது எம்முடைய பொருளன்றோ!

இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதா வந்தபோது பொன்னம்பலம் அரசாங்கத்தோடு நின்றார். செல்வநாயகம் எழுந்து போய்விட்டார். கோப்பாய் வன்னியசிங்கமும் டாக்டர் நாகநாதனும் அவருடன் சென்றனர். இன்று மலைநாட்டாருக்கு நேர்வது நாளை மொழிச் சட்டம் என்ற பெயரில் வடக்குக்கும் கிழக்குக்கும் நேரும் என்று அவர் எச்சரித்தார். எட்டு ஆண்டுகளுக்குள் அது நடந்தே விட்டது. 1949 டிசம்பர் 18 ஆந் திகதி மருதானையிலே கூடிய கூட்டத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சி உதயமாயிற்று. அந்தப் பெருங்கட்சி, மலைநாட்டுத் தொழிலாளியின் உரிமைப் பிரச்சினையிலே கருக்கொண்டது என்பதை எமது வாலிபர்களிற் பலர் அறியார்.

அதே 1949 இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜையல்லாதோரின் பெயர்கள் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டன. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து எம்மவர் ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. எமக்காகக் குரல் கொடுத்த செல்வநாயகமும் அத்தேர்தலிலே காங்கேசன்துறையில் தோற்றார்! கொள்கைக்காக நிற்பவன் முதலிலே செலுத்த வேண்டிய விலை அது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் 1787 ஆம் ஆண்டுச் சமரசப்படி, அடிமைகளுக்கு வாக்கில்லை. ஆனால் தென்மாநிலங்களுக்கு எத்தனை ஆசனம் என்று கணக்கிடும்போது அடிமைகள் ஐவரை மூவராக எண்ணினர். இலங்கையிலே 1946 இல் தொகுதிகளை வகுத்தபோது 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று எம்மவர் தலைகளையும் முழுமையாக எண்ணினர். பின்னர் வாக்கை எடுத்தனர், ஆசனங்களை எடுக்கவில்லை. ஆகவே 1952 இலும் 1956 இலும் எமது தலைகளை எண்ணி வகுத்த தொகுதிகளிலே, எஞ்சியிருந்த சிலரின் வாக்கால் மற்றவர்கள் அங்கத்தவர்களானார்கள். அடிமைக்கும் எமக்கும் வேற்றுமை மிகவுண்டு; இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மனிதனைக் கணக்கிலே சேர்த்துக் கருத்திலே தள்ளும் தந்திரம் இரண்டு தேசத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

நீதிமன்றத்தையும் நாடிப் பார்த்தனர். கோடகன்பிள்ளை என்பவரின் பெயர் இடாப்பிலே சேர வேண்டும் என்ற வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953 இல் தோற்றது. எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டம் இயற்றலாகாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு எம்மைக் காக்கவில்லை. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் 8 லட்சத்துக்கு மேல். பிரஜாவுரிமை பெற்றோரோ சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. எம் பாட்டியார் இன்றும் ஒரு தகரப் பெட்டியிலே மஞ்சளித்த கடதாசி ஒன்றைப் பாதுகாத்து வருகிறார். அவருடைய தகப்பனார் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம் அது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அதை எறிய மனம் வருவதில்லை.

எழுதிய ஒப்பந்தங்களும் கிழிந்த ஒப்பந்தங்களும்

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. காலிமுகத் திடலிலே சத்தியாக்கிரகம் செய்த செல்வநாயகத்தின் தொண்டர்கள் அடியுண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் திருகோணமலை மாநாட்டில் சமஷ்டி ஆட்சி, மொழிச் சமத்துவம் ஆகியவற்றோடு மலைநாட்டாரின் பிரஜாவுரிமையும் கோரப்பட்டது.

1957 ஜூலை 26 இல் பிரதம மந்திரி பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தனர். பிரதேச சபைகள், தமிழுக்குச் சிறுபான்மைத் தேசிய மொழி என்ற அந்தஸ்து, குடியேற்றத்திலே கட்டுப்பாடு என்பன அதிலே இடம்பெற்றன. பிரஜாவுரிமைச் சட்டத்தை விரைவிலே பரிசீலிப்பதாகப் பிரதமர் வாக்களித்தார். ஆம், வாக்களித்தார், அவ்வளவே. மற்றவைக்கு உருவம் இருந்தது, எமது விஷயத்துக்குத் தவணைதான் இருந்தது. இதனை நாம் மறைக்கலாகாது. எமக்காகக் கட்சியைப் பிளந்து சென்ற பெரியாரும், பேரம் பேசும் மேசையிலே அமர்ந்தபோது எமது கோரிக்கையைப் பின்னுக்குத் தள்ளவே நேர்ந்தது.

ஆனால் அந்த அரைகுறைச் சமரசமும் பிழைக்கவில்லை. ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9 ஆந் திகதி பிக்குமார் பிரதமரின் வாசஸ்தலத்தின்முன் அமர, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே நாடெங்கும் கலவரம். மறு ஆண்டு பண்டாரநாயக்காவே ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு இரையானார். சமரசத்தை முறித்தவருக்கும் அதனால் சாந்தி கிட்டவில்லை.

1964 அக்டோபர் 30 இல் எம்மைப் பற்றியே ஒரு பெரிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. பிரதம மந்திரி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டனர். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு. 3 லட்சம் இலங்கைக்கு. மிகுதி 1 லட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்ப்போம் என்று வைக்கப்பட்டது. 1974 இல் அந்த மிகுதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். தமிழரசுக் கட்சி இதனை எதிர்த்தது, எதிர்ப்பு எடுபடவில்லை. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. மகள் இங்கே, தாய் கப்பலிலே. தலைமன்னார்த் துறையிலே அழுத அழுகையை எமது தோட்டத்துப் பெரியோர்கள் இன்னும் மறக்கவில்லை. அடிமைச் சந்தையிலே குடும்பம் பிரிந்ததைப் புத்தகத்திலே படித்தபோது நமக்கு நினைவு வந்தது அந்தக் கதையே.

1965 மார்ச் 24 இல் டட்லி சேனாநாயக்காவுடன் செல்வநாயகம் இன்னொரு ஒப்பந்தம் செய்தார். மாவட்ட சபை, தமிழ் மொழிப் பாவனை, காணிப் பங்கீடு என்பன பேசப்பட்டன. எமது பிரஜாவுரிமை அதிலே இடம்பெறவேயில்லை. 1968 இல் மாவட்ட சபை மசோதாவும் கைவிடப்பட, அவர் மூன்றாண்டு ஆதரித்த அரசாங்கத்தை விட்டு வெளியேறினார்.

இறுதிக் காலம்

1972 ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பு 29 ஆம் பிரிவையும் அகற்றியது. அவ்வாண்டு மே மாதத்தில் செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான் மூவரும் ஒரே மேடையிலே கூடித் தமிழர் கூட்டணியை அமைத்தனர். 1948 இல் பிரிந்த கைகள் 24 ஆண்டுகளின்பின் சேர்ந்தன. செல்வநாயகம் தம் பதவியைத் துறந்து, தமிழ் மக்கள் இந்த அரசியலமைப்பை ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலிலே கேட்கச் சவால் விடுத்தார். அத்தேர்தல் இரண்டு வருடங்களுக்கு மேல் இழுத்தடிக்கப்பட்டு 1975 பெப்ரவரி 6 இல் நடந்தது. நடுக்கு நோயினால் தளர்ந்திருந்த முதியவர் 16,000 வாக்குகளுக்கு மேற்பட்ட பெரும்பான்மையால் வென்றார். அத்தொகுதி மக்களிற் பெரும்பாலோர் சைவர். அவரோ கடைசிவரை கிறிஸ்தவர். மதம் எங்கே குறுக்கே நின்றது?

1976 மே 14 இல் வட்டுக்கோட்டையை அடுத்த பண்ணாகத்திலே தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறிற்று. சமஷ்டி கேட்டுக் கேட்டுச் சலித்தவரின் முடிவு அது. ஆனால் மலைநாட்டின் நடுவிலே வாழும் எமக்கு அத்தனிநாட்டிலே இடம் எங்கே? தொண்டமான் அத்தீர்மானத்தில் சேரவில்லை. ஆகவே எம் பிரச்சினையிலே பிறந்த இயக்கம், எம்மை விட்டுப் பிரிந்த இடத்திலே வந்து நின்றது. இது யாருடைய குற்றமும் என்று சொல்லுவதற்கில்லை. ஒவ்வொரு சமரசமும் முறிந்து முறிந்து பாதையை அவ்வாறு வளைத்துவிட்டது.

1977 ஏப்ரல் 26 ஆந் திகதி தந்தை செல்வா காலமானார். அவ்வாண்டு ஆகஸ்டிலே கலவரம். தனிநாடு கேளாத தோட்டத் தொழிலாளரும் லயம் எரிய ஓடினர். பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போய்க் குடியேறினர். 1983 ஜூலைக்குப் பின் யுத்தம் முழுமையாக மூண்டது. 2009 மே மாதத்திலே முடிந்தது. அங்கே குடியேறிய எம்மவரும் அந்நெருப்பிலே அகப்பட்டனர். யுத்தத்துக்குக் காரணம் பிரஜாவுரிமை ஒன்றே என்று நாம் கூறவில்லை. மொழி, காணி, சர்வகலாசாலை அனுமதி, அடுத்தடுத்து வந்த கலவரங்கள் எனக் காரணங்கள் பல. ஆனால் ஒரு சாராரின் உரிமையை எடுத்து மறுசாராரின் சௌகரியத்துக்கு விலையாக்கலாம் என்ற பழக்கம் 1948 இலேயே தொடங்கிற்று.

நாம் கற்க வேண்டியது

யுத்த காலத்திலேதான், 1986, 1988 ஆம் ஆண்டுச் சட்டங்களாலும், பின்னர் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் நாடற்றவர் பிரச்சினை தீர்ந்தது. எம் பாட்டியார் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சத்தியக்கடதாசி ஒன்றிலே பெருவிரல் பதித்துப் பிரஜையானார். நாற்பது ஆண்டுகளாகக் கிடைக்காதது ஒரு காலைப் பொழுதிலே கிடைத்தது! அவ்வளவு சுலபமாகக் கொடுக்கக்கூடியதை அன்றே கொடுத்திருந்தால் எத்தனை குடும்பம் பிரியாதிருக்கும்!

சமரசம் கூடாது என்று நாம் கூறவில்லை. குடும்பத்திலும் சங்கத்திலும் தேசத்திலும் விட்டுக்கொடுத்தே வாழ வேண்டும். ஆனால் தன்னுடையதை விட்டுக் கொடுப்பவனே பெருந்தன்மையுள்ளவன். சபையிலே இல்லாதவனுடையதை விட்டுக் கொடுப்பவன் கடனை அடுத்த தலைமுறையின் தலையிலே கட்டுகிறான். கையொப்பமிட்டதை நிறைவேற்றாத சமரசமோ, செய்யாத சமரசத்திலும் கேடு விளைக்கிறது.

தந்தை செல்வா குறையற்றவர் என்று புகழ நாம் இதனை எழுதவில்லை. அவர் செய்த ஒப்பந்தங்களிலே எமக்குக் கிடைத்தது சொற்பம். ஆயினும் 1948 இலே, எம்மைக் கைவிட்டால் மந்திரிக்கட்சியிலே சுகமாக இருந்திருக்கக்கூடிய ஒருவர், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். எம்மிடம் அவருக்குக் கொடுக்க ஒரு வாக்குக்கூட இருக்கவில்லை. பிரதிபலன் கருதாத அச்செயலை எமது இந்து தர்மம் எந்தப் பெயரால் போற்றுகிறது என்று பெரியோர்கள் அறிவர்.

வாலிப அன்பர்களே! இன்று எம் ஒவ்வொருவர் கையிலும் அடையாள அட்டை இருக்கிறது; இடாப்பிலே பெயர் இருக்கிறது. சொந்தக் காணியும் தனி வீடும் இல்லாத குடும்பங்கள் இன்னும் லயங்களிலே இருக்கின்றன. அவற்றைப் பற்றி எங்கேனும் ஒரு மேசையிலே பேச்சு நடக்கும்போது, எமது கதிரை அங்கே காலியாக இருக்கலாகாது. வீட்டிலுள்ள முதியோரிடம் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். அக்கடதாசிகளை வாசித்து அவர்களுக்குப் பொருள் சொல்லுங்கள். தந்தை செல்வாவுக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுவேயாகும்.

வாழ்க அவர் நாமம்!